வாக்குரிமையும் நாட்காட்டியும்: லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் நகரசபைத் தேர்தல்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

உள்ளூராட்சி மன்றங்களே ஜனநாயகத்தின் ஆரம்பப் பாடசாலைகள் என்னும் கருத்து அரசறிவியல் நூல்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுவதாகும். 1831ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று திரும்பிய பிரெஞ்சு அறிஞர் அலெக்சி த தொக்வில், அந்நாட்டின் சிற்றூர்ச் சபைகளைக் கண்டு வியந்து வெளியிட்ட இக்கருத்து, காலப்போக்கில் ஆராய்ச்சிக்கு உட்படாத ஒரு நம்பிக்கையாகவே நிலைபெற்றுவிட்டது. அரசாங்கம் சிறிதாகச் சிறிதாக மக்கள் அதனை அணுகுதல் எளிதாகும். அணுகுதல் எளிதாக அவர்தம் பங்குபற்றலும் மிகும் என்பதே இந்நம்பிக்கையின் சாரம். இது எத்துணை உண்மையானது என்பதை அறிய வேண்டுமாயின், தொக்வில் போற்றிய அதே நாட்டில் இன்று உள்ளூராட்சித் தேர்தல்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை நோக்குதலே தக்கதாகும். அந்நோக்குக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

கவுண்டி என்பது மாநிலத்துக்கும் நகரத்துக்கும் இடைப்பட்டதொரு நிருவாக அலகாகும். கலிபோர்ணியா மாநிலத்தைச் சேர்ந்த லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழ்கின்றனர். சனத்தொகையில் ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய கவுண்டி இதுவே. இதனுள் 88 நகரங்கள் தனித்தனிச் சபைகளோடு இயங்குகின்றன. நாற்பது இலட்சத்தை அண்மித்த மக்களைக் கொண்ட லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரமும் அவற்றுள் ஒன்று. சில நூறு மக்களை மட்டுமே கொண்ட வேர்ணனும் அவற்றுள் ஒன்று. எந்நகரத்தினுள்ளும் அடங்காத பகுதிகளில் வாழும் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களுக்குக் கவுண்டியின் மேற்பார்வையாளர் சபையே நேரடி ஆட்சியாக விளங்குகின்றது. அச்சபையின் உறுப்பினர் தொகை நெடுங்காலமாக ஐந்து மட்டுமே. ஓர் உறுப்பினர் இருபது இலட்சம் மக்களின் பிரதிநிதியாவார். 2024ஆம் ஆண்டு நவம்பரில் நடைபெற்ற வாக்கெடுப்பிலேதான் இத்தொகையை ஒன்பதாக உயர்த்துவதற்கு மக்கள் சிறு பெரும்பான்மையால் இணங்கினர்.

88 நகரங்கள், 88 சபைகள் என்றதும் ஜனநாயகம் பல்கிப் பெருகியிருப்பதாகவே தோன்றும். ஆயின் இச்சபைகளின் அமைப்பை அணுகி நோக்குமிடத்துச் சில உண்மைகள் புலப்படுகின்றன. லொஸ் ஏஞ்சல்ஸ், லோங் பீச், இங்கிள்வுட், கொம்ப்டன் முதலிய சில நகரங்களிலேயே மேயரை மக்கள் நேரே தெரிவு செய்கின்றனர். பெரும்பாலான சிறு நகரங்களில் ஐந்து உறுப்பினர் கொண்ட சபை தன்னுள் ஒருவரை மேயராக்குகின்றது. அப்பதவி ஆண்டுதோறும் கைமாறி வருவதே வழக்கம். நாளாந்த நிருவாகம் சபையினால் நியமிக்கப்படும் நகர முகாமையாளரிடம் உள்ளது. ஆகவே அத்தகைய நகரங்களில் மேயர் எனப்படுபவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரேயன்றி நிருவாகத்தின் தலைவரல்லர். யாருக்கு வாக்களித்தால் யாது மாறும் என்பது வாக்காளனுக்கு எளிதிற் புலப்படாத அமைப்பு இது.

இவ்வமைப்புத் தற்செயலாகத் தோன்றியதன்று, இதற்கொரு வரலாறுண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த முற்போக்குச் சீர்திருத்த இயக்கம், நகர அரசியலில் நிலவிய ஊழலைக் களைவதைத் தன் நோக்கமாகக் கூறிக்கொண்டது. 1903இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம், தெரிவு செய்த பிரதிநிதியைப் பதவிக்காலம் முடியுமுன்னரே வாக்கெடுப்பின் மூலம் நீக்கும் மீளழைப்பு உரிமையைத் தன் சாசனத்திற் சேர்த்தது. அமெரிக்க நகரங்களுள் இதனை முதன்முதற் கைக்கொண்டது அதுவேயாகும். 1909இல் வட்டாரங்கள் ஒழிக்கப்பட்டு, உறுப்பினர் அனைவரும் நகர் முழுவதிலுமுள்ள வாக்காளரால் தெரிவு செய்யப்படும் முறையும், வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இடம்பெறாத முறையும் புகுத்தப்பட்டன. பொதுத் தேர்தல்களின் ஆரவாரத்தினின்றும் நகரத் தேர்தல்கள் விலக்கி வைக்கப்பட வேண்டும் என்பதும் இவ்வியக்கத்தினரின் வாதங்களுள் ஒன்றாகும்.

இச்சீர்திருத்தங்களால் விளைந்த நன்மைகளை மறுத்தல் நேர்மையாகாது. கட்சித் தரகர்களின் பிடி தளர்ந்தது. நிருவாகத்தில் ஒழுங்கு ஏற்பட்டது. எனினும் இவ்வியக்கத்தின் வர்க்க அடித்தளத்தையும் நாம் மறத்தலாகாது. அமெரிக்க வரலாற்றாசிரியர் சாமுவேல் ஹேய்ஸ் 1964இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், நகரச் சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தியோர் பெருவணிகரும் உயர்தொழில் வல்லுநருமே என்பதையும், வட்டார முறை ஒழிந்தமையால் செல்வாக்கிழந்தோர் தொழிலாளரும் கீழ் நடுத்தர வகுப்பினருமே என்பதையும் எடுத்துக்காட்டினார். லொஸ் ஏஞ்சல்ஸில் தொழிலாளர் இயக்கம் அக்காலத்தில் வலிமை பெற்று வந்தது. 1911இல் நிகழ்ந்த மேயர் தேர்தலின் முதற் சுற்றில் சமதர்மவாதியான யோப் ஹரிமன் முதலிடம் பெற்றமையே அதற்குச் சான்று. இறுதிச் சுற்றில் அவர் தோல்வியுற்றார். கட்சியின் பெயரும் வட்டாரத்தின் பிணைப்பும் இல்லாதவிடத்துக் கல்வியும் ஓய்வும் செய்தித்தாளும் உடையோர்க்கே தேர்தல் எளிதாயிற்று. உழைத்துக் களைத்தவனுக்கு வாக்குச்சீட்டு அறிமுகமற்ற பெயர்களின் அட்டவணையாகவே காட்சியளித்தது.

இதன் விளைவை எண்கள் புலப்படுத்துகின்றன. 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் மேயர் தேர்தலின் இறுதிச் சுற்றில் பதிவு செய்த வாக்காளருள் ஏறத்தாழ 23 சதவீதத்தினரே வாக்களித்தனர். 2017 மார்ச்சில் அது ஏறத்தாழ 20 சதவீதமாக இருந்தது. நாட்டின் இரண்டாவது பெருநகரத்தின் தலைவரை ஐவருள் ஒருவரே தெரிவு செய்தார் என்பது இதன் பொருள். பதிவு செய்யாதோரையும் குடியுரிமை இல்லாதோரையும் கணக்கிற் கொண்டால் இவ்விகிதம் மேலும் சுருங்கும்.

இந்நிலைக்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம் மக்களின் அக்கறையின்மை என்பதாகும். குப்பை அகற்றலும் தெருவிளக்கும் மக்களின் உள்ளத்தைக் கவர்வதில்லை, தலைநகரில் நிகழும் பெரும் போராட்டங்களிலேயே அவர்தம் நாட்டம் செல்கிறது என்பர். பழியை மக்கள்மேற் சுமத்தும் இவ்விளக்கம் ஆள்வோருக்கு மிக வசதியானது. ஆயின் அண்மைக்கால நிகழ்ச்சிகள் இதனைப் பொய்ப்பித்துள்ளன. 2015 மார்ச்சில் நிறைவேறிய சாசனத் திருத்தமொன்றின்படி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தேர்தல்கள், 2020 முதல், மாநிலத் தேர்தல்கள் நடைபெறும் இரட்டைப்படை ஆண்டுகளுக்கு மாற்றப்பட்டன. இத்திருத்தத்தைத் தீர்மானித்த வாக்கெடுப்பிலும் வாக்களித்தோர் பத்தில் ஒருவரளவினரே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. புதிய முறையின்கீழ் 2022 நவம்பரில் நிகழ்ந்த மேயர் தேர்தலில் வாக்களிப்பு ஏறத்தாழ 44 சதவீதமாக உயர்ந்தது. நகரம் அதே நகரம். குப்பையும் தெருவிளக்கும் அவையே. ஐந்தாண்டுக்குள் மக்கள் திடீரென நற்குடிகளாக மாறிவிட்டனர் எனக் கொள்ள இடமில்லை. போட்டியின் கடுமையும் இவ்வுயர்வுக்கு ஓரளவு காரணமாயிருக்கலாம். ஆயினும் தலையாய மாற்றம் தேர்தல் நாளில் ஏற்பட்ட மாற்றமேயாகும்.

ஆகவே அக்கறையின்மை எனப்படுவது மக்களின் இயல்பன்று; பெருமளவுக்கு அது ஏற்பாட்டின் விளைவேயாகும். தேர்தல் நாளை யார் நிர்ணயிக்கின்றனரோ அவர் வாக்காளர் யார் என்பதையும் பெருமளவு நிர்ணயித்துவிடுகின்றனர். அமெரிக்க அரசறிவியலாளர் சாரா அன்சியா 2014இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை விரிவாக ஆராய்ந்துள்ளார். வாக்களிப்போர் தொகை குறையுமிடத்து, முடிவினால் நேரடி இலாபம் பெறும் ஒழுங்கமைந்த குழுக்களின் வாக்கு எடை கூடுகின்றது என்பது அவர் முடிபு. நகரசபையோடு ஒப்பந்தம் செய்வோர், நிலவாணிபம் செய்வோர், நகர ஊழியரின் சங்கங்கள் ஆகியோர் எந்த மாதத்திலே தேர்தல் வைத்தாலும் தவறாது வருவர். வாராதிருப்போர் பெரும்பாலும் இளைஞரும் வாடகைக் குடியிருப்போரும் இரண்டு வேலை பார்ப்போருமே. ஒழுங்கமைந்த குழுக்களுள் முதலாளிகள் மட்டுமன்றித் தொழிற்சங்கங்களும் அடங்கும் என்னும் அன்சியாவின் எடுத்துக்காட்டை இடதுசாரி விமர்சகர் சிலர் விரும்பார். ஆயின் உழைக்கும் மக்களின் பெயரால் இயங்கும் சங்கமும் அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் வாராத தேர்தலிற் கிடைக்கும் வெற்றியை நாடுமாயின் அதுவும் விமர்சனத்துக்குரியதே.

வாராத வாக்காளரின் விலை யாது என்பதைப் பெல் நகரத்தின் வரலாறு காட்டுகின்றது. லொஸ் ஏஞ்சல்ஸின் தென்கிழக்கே, ஏறத்தாழ 35,000 மக்கள் செறிந்து வாழும் சிறு நகரம் பெல். மக்களிற் பெரும்பான்மையோர் லத்தீன் அமெரிக்க வழியினர், தொழிலாளர், பலர் குடியுரிமை பெறாதோர். கலிபோர்ணியாவின் பொதுச் சட்டத்தின்கீழ் இயங்கும் நகரங்களில் சபை உறுப்பினரின் ஊதியத்துக்கு எல்லையுண்டு. தனிச் சாசனம் பெற்ற நகரங்களுக்கு அவ்வெல்லை பொருந்தாது. 2005 நவம்பரில், பெல் நகரைச் சாசன நகராக்குவதற்கென ஒரு விசேட வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. வேறெந்தப் போட்டியும் அன்றைய வாக்குச்சீட்டில் இருக்கவில்லை. வாக்களித்தோர் நானூறு பேருக்கும் குறைவு. அவருட் பெரும்பாலோர் தபால் மூலம் வாக்களித்தோர். சாசனம் நிறைவேறியது.

அதன்பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. 2010 ஜூலையில் 'லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' நாளிதழ் வெளிப்படுத்திய செய்தியின்படி, நகர முகாமையாளர் றொபேட் றிசோவின் ஆண்டுச் சம்பளம் எட்டு இலட்சம் டொலரை அண்மித்திருந்தது. அது நாட்டின் ஜனாதிபதிக்கு வழங்கப்படும் நான்கு இலட்சம் டொலரின் ஏறத்தாழ இருமடங்காகும். பகுதிநேரப் பணியாற்றிய சபை உறுப்பினருட் பெரும்பாலோர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் டொலர் பெற்றனர். இப்பணம் வானத்திலிருந்து வரவில்லை. நாளாந்தக் கூலிக்கு உழைத்த குடும்பங்களின் வரியிலிருந்தே வந்தது. இச்செய்தியை வெளியிட்டமைக்காக அந்நாளிதழுக்கு 2011இல் புலிற்சர் பரிசு வழங்கப்பட்டது. 2013இல் முன்னாள் உறுப்பினர் ஐவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 2014இல் றிசோவுக்குப் பன்னிரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பெல் நகரின் கதை இத்துடன் முடிந்திருப்பின் அது ஊழல் பற்றிய கதையாகவே அமைந்திருக்கும். அதன் இரண்டாம் பகுதியே இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. செய்தி வெளியானதும் நகர மக்கள் 'பஸ்தா' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களாலான அப்பெயர், ஸ்பானிய மொழியில் 'போதும்' எனவும் பொருள்படும். வீடு வீடாகச் சென்று கையெழுத்துத் திரட்டி மீளழைப்பு வாக்கெடுப்பை அவர்கள் சாத்தியமாக்கினர். 2011 மார்ச்சில் பதிவு செய்த வாக்காளரில் மூன்றிலொரு பகுதியினர் வாக்களித்தனர். எஞ்சியிருந்த உறுப்பினர் மிகப் பெரும்பான்மையால் நீக்கப்பட்டனர். 2005இல் அக்கறையற்றிருந்த மக்களும் 2011இல் அணிதிரண்ட மக்களும் வேறல்லர். முன்னையதில் அவர்களுக்கு விடயம் தெரியாதிருந்தது. தெரியாதவாறு வாக்கெடுப்பு அமைக்கப்பட்டிருந்தது. பின்னையதில் அவர்களுக்கு அறிவும் அமைப்பும் இருந்தன. 1903இல் சீர்திருத்தவாதிகள் தந்த மீளழைப்பு உரிமை ஒரு நூற்றாண்டின்பின் குடியேறிய தொழிலாளரின் கையில் ஆயுதமாயிற்று. ஒரு நிறுவனம் எந்த வர்க்கத்தின் தேவையாற் பிறந்ததோ அவ்வர்க்கத்துக்கே என்றும் பணிபுரியும் எனக் கூறவியலாது என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

இனி, சிறு நகரங்களின் பெருக்கம் பற்றியும் நோக்குதல் வேண்டும். 1954இல் லேக்வுட் என்னும் புறநகர் தனி நகரமாகியது. அது தனக்கெனப் பொலிஸ் படையோ தீயணைப்புப் படையோ அமைக்காது, அச்சேவைகளைக் கவுண்டியிடமிருந்து ஒப்பந்த முறையில் விலைக்கு வாங்கியது. 'லேக்வுட் திட்டம்' எனப் பெயர்பெற்ற இம்முறையும், விற்பனை வரியின் ஒரு பகுதியை நகரங்களுக்கு உரித்தாக்கிய 1955ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்து, செலவின்றி நகரமாகலாம் என்னும் நிலையைத் தோற்றுவித்தன. அடுத்த ஒன்றரைத் தசாப்தத்தில் ஏறக்குறைய முப்பது நகரங்கள் இக்கவுண்டியிற் பிறந்தன. சார்ள்ஸ் ரீபூ என்னும் பொருளியலாளர் 1956இல் வெளியிட்ட கட்டுரையில், மக்கள் தமக்கு வேண்டிய சேவையும் வரியும் உள்ள நகரைத் தேடிக் குடிபெயர்வதன் மூலம் தம் விருப்பத்தைப் புலப்படுத்துகின்றனர் என வாதிட்டார். பின்னர் 1961இல் வின்சன்ற் ஒஸ்ற்றம், றொபேட் வாறன் ஆகியோருடன் சேர்ந்து, பல சிறு ஆட்சிகள் அருகருகே இயங்குதல் குழப்பமன்று, பயனுடையது என்னும் கொள்கையை விளக்கினார்.

கேட்பதற்கு இனிதான கொள்கையே இது. ஆயின் கால்களால் வாக்களிப்பதற்குக் கையிற் பணம் வேண்டும். வீடு வாங்க வசதியுள்ளோன் நகரைத் தெரிவு செய்கின்றான்; வசதியற்றோனையோ வாடகையே நகர்விட்டு நகருக்குத் துரத்துகின்றது. அன்றியும், செல்வமுள்ள நிலப்பரப்பு எல்லையிட்டுப் பிரிந்துகொண்டால் அதன் வரி வருமானம் அயலிலுள்ள வறியோரின் பாடசாலைக்கும் பூங்காவுக்கும் உதவுவதில்லை. இதன் உச்சநிலையை இரு நகரங்கள் காட்டுகின்றன. 1957இல் தோன்றிய இன்டஸ்ற்றி என்னும் நகரம், தன் பெயருக்கேற்பக் கைத்தொழிற்சாலைகளுக்காகவே அமைக்கப்பட்டது. நகரமாவதற்குச் சட்டம் வேண்டிய 500 குடிகளைக் காட்டும்பொருட்டு, அங்கிருந்த மனநோய் மருத்துவமனையின் நோயாளிகளும் எண்ணப்பட்டனர். வேர்ணனோ 1905 முதல் நிலைத்திருக்கும் தொழிற்சாலை நகரம். பல்லாயிரம் தொழிலாளர் நாள்தோறும் அங்கு வேலைக்கு வந்து போகின்றனர். ஆனால் 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் 112 பேர் மட்டுமே. அக்காலத்தில் வீடுகளிற் பெரும்பாலானவை நகரசபைக்கே சொந்தமாயிருந்தன. ஆட்சியாளரே வாக்காளரின் வீட்டுச் சொந்தக்காரராயிருக்கையில் எதிர்த்து வாக்களிக்கத் துணிவோர் யாவர்?

கால் நூற்றாண்டாக வேர்ணனிற் போட்டித் தேர்தலே நடைபெறவில்லை. 2006இல் வெளியிலிருந்து வந்து குடியேறிய சிலர் போட்டியிட முனைந்தபோது, நகர நிருவாகம் அவர்கள் தங்கிய கட்டிடத்தின் மின்சாரத்தைத் துண்டித்து, அவர்களை வெளியேற்றியது. தேர்தல் நடந்தபின்னும் வாக்குகள் பல மாதங்களாக எண்ணப்படாதிருந்தன. எண்ணியபோது பதவியிலிருந்தோரே வென்றனர். நகரை நிறுவியவர் ஒருவரின் பேரனும் 1974 முதல் மேயராயிருந்தவருமான லியோனிஸ் மல்பேர்க், உண்மையில் லொஸ் ஏஞ்சல்ஸில் வாழ்ந்துகொண்டே வேர்ணன் வாசியென வாக்களித்த குற்றத்துக்காக 2009இல் தண்டிக்கத்தக்கவராகக் காணப்பட்டார். வேர்ணனின் நகர அந்தஸ்தை நீக்க 2011இல் மாநிலச் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா மேற்சபையில் தோல்வியுற்றது. அளவிற் சிறிய ஆட்சி மக்களுக்கு அண்மையிலுள்ள ஆட்சியாதல் வேண்டும் என்னும் நியதியில்லை. அது ஒரு குடும்பத்துக்கு அண்மையிலுள்ள ஆட்சியாகவும் அமையலாம்.

நாளும் நகர எல்லையும் போலவே வட்டார எல்லையும் ஆட்சியுரிமையை நிர்ணயிக்கும் ஒரு கருவியாகும். லொஸ் ஏஞ்சல்ஸில் 1925ஆம் ஆண்டுச் சாசனம் 15 வட்டாரங்களை மீண்டும் ஏற்படுத்தியது. அவ்வாறு வட்டாரங்கள் இருந்தமையாலேயே 1949இல் எட்வேட் றோய்பல் இருபதாம் நூற்றாண்டில் அச்சபைக்குள் நுழைந்த முதலாவது மெக்சிக்க அமெரிக்கராக முடிந்தது. 1947இல் தோற்ற அவர், ஆயிரக்கணக்கான புதிய வாக்காளரைப் பதிவு செய்வித்த ஒரு மக்கள் இயக்கத்தின் துணையாலேயே வெற்றி பெற்றார். வட்டாரமில்லாத நகரங்களில் நிலைமை வேறு. கவுண்டியின் வடபகுதியிலுள்ள பாம்டேலில் மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் லத்தீன் அமெரிக்க வழியினராயிருந்தும், அவ்வினத்தவர் ஒருவரே அதுவரை சபைக்குத் தெரிவாகியிருந்தார். கலிபோர்ணிய வாக்குரிமைச் சட்டத்தின்கீழ் 2013இல் நீதிமன்றம் அந்நகரின் தேர்தல் முறை சட்டவிரோதமானதெனத் தீர்த்தது. அதன்பின் வட்டாரங்கள் வகுக்கப்பட்டன.

வட்டாரம் வகுப்போர் யார் என்னும் கேள்வி அப்போதும் எஞ்சி நிற்கின்றது. 2022 அக்டோபரில் வெளியான ஓர் ஒலிப்பதிவு, லொஸ் ஏஞ்சல்ஸ் சபைத் தலைவி நூரி மார்ட்டினெஸும் வேறிரு உறுப்பினரும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் வட்டார எல்லைகளைத் தமக்குச் சாதகமாக அமைப்பது பற்றி இனத்துவேஷச் சொற்களோடு உரையாடியதை அம்பலமாக்கியது. மார்ட்டினெஸ் பதவி துறந்தார். ஒடுக்கப்பட்ட இனத்தின் பிரதிநிதிகளாக வந்தோரே இன்னொரு சிறுபான்மையினத்தின் பலத்தைக் குறைக்கத் திட்டமிட்டமை, பிரதிநிதித்துவம் கிடைத்தல் மட்டும் விடுதலையாகாது என்னும் உண்மையை உணர்த்துகின்றது. 2024 நவம்பரில் எல்லை நிர்ணயத்தைச் சுதந்திரமான ஆணைக்குழுவிடம் ஒப்படைப்பதற்கு மக்கள் வாக்களித்தனர். ஆயினும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்களுக்கு ஓர் உறுப்பினர் என்னும் நிலை மாறவில்லை. சனத்தொகையிற் குறைந்த சிக்காக்கோவில் நகரசபை உறுப்பினர் ஐம்பதின்மர் என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

தேர்தல் நாளை மாற்றுதல் பற்றிய எதிர்வாதங்களையும் எடைபோடுதல் முறையாகும். மாநிலத் தேர்தலுடன் சேர்த்து நடத்தினால், நீண்ட வாக்குச்சீட்டின் அடியில் நகரசபைப் போட்டி மறைந்துவிடும். உள்ளூர்ப் பிரச்சினை அறியாதோர் கட்சி அலையில் வாக்களிப்பர். பிரசாரச் செலவு கூடும் என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. 2022இல் தோல்வியுற்ற மேயர் வேட்பாளர் றிக் கருசோ செலவிட்ட தொகை பத்துக் கோடி டொலருக்கும் அதிகம். ஆயின் அவ்வளவு பணமும் பரந்த வாக்காளர் தொகையின்முன் தோற்றது. கரன் பாஸ் அந்நகரின் முதலாவது பெண் மேயரானார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அறிந்தோர் மட்டும் வாக்களிக்கட்டும் என்னும் வாதம், சொத்துடையோர் மட்டும் வாக்களிக்கட்டும் என்ற பழைய வாதத்தின் புதிய உருவமேயாகும். மாநிலச் சட்டமன்றம் 2015இல் இயற்றிய சட்டம், தனித்து நடத்தப்படும் தேர்தல்களில் வாக்களிப்பு மிகக் குறைந்த நகரங்களைப் பொதுத் தேர்தல் நாளுக்கு மாறுமாறு பணித்தது. அச்சட்டம் சாசன நகரங்களைக் கட்டுப்படுத்தாதென, இக்கவுண்டியைச் சேர்ந்த றெடொண்டோ பீச் நகரம் தொடுத்த வழக்கில் 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே அந்நகரம் இன்றும் ஒற்றைப்படை ஆண்டின் மார்ச் மாதத்திலேயே வாக்களிக்கின்றது. சீர்திருத்தம் முற்றுப்பெறவில்லை. அது முற்றுப்பெற்றாலும், குடியுரிமையின்றி வரி செலுத்தும் மக்களுக்கு எந்த நாளும் தேர்தல் நாளாகாது.

றொபேட் டால் என்னும் அரசறிவியலாளர் 1961இல் நியூ ஹேவன் நகரை ஆராய்ந்து, அதிகாரம் பல குழுக்களிடையே பரவியுள்ளதென முடிவு செய்தார். அடுத்த ஆண்டில் பீற்றர் பக்ராக், மோட்டன் பராற்ஸ் ஆகிய இருவர், எடுக்கப்பட்ட முடிவுகளை மட்டும் ஆராய்தல் போதாது. சில விடயங்கள் விவாதத்துக்கே வராதவாறு தடுப்பதும் அதிகாரத்தின் மற்றொரு முகமே என மறுத்துரைத்தனர். லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் அனுபவம் பின்னையோரின் கூற்றையே வலியுறுத்துகின்றது. தேர்தல் நாள், எல்லைக்கோடு, மேயரைத் தெரியும் முறை ஆகியன வாக்குச்சீட்டிற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவை முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவை. ஆதலின் அவை அரசியலன்று, வெறும் நிருவாக ஒழுங்கு எனவே தோற்றமளிக்கின்றன.

இவ்வுண்மை இலங்கை வாசகருக்கு அந்நியமானதன்று. இங்கும் மாநகர சபையின் மேயரை மக்கள் நேரே தெரிவு செய்வதில்லை. இங்கும் உள்ளூராட்சித் தேர்தலின் நாள் அரசியற் கருவியாகியதுண்டு. 2023 மார்ச் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்னும் காரணங்கூறிப் பின்போடப்பட்டது. அம்மாதத்திலே சபைகளின் பதவிக்காலம் முடிவுற்றது. தெரிவு செய்யப்பட்ட பிரதிநிதிகளின்றி அவை ஈராண்டுக்கு மேல் இயங்கின. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறலாகும் என 2024 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதியே நடைபெற்றது. அங்கு தேர்தல் மக்கள் வாராத நாளில் வைக்கப்பட்டது. இங்கு நாளே வைக்கப்படாதிருந்தது. வழிகள் வேறாயினும் குடிமகனின் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டமை இரண்டுக்கும் பொதுவாகும்.

ஆகவே உள்ளூராட்சி ஜனநாயகத்தின் ஆரம்பப் பாடசாலை என்னும் கூற்றை முற்றாக நிராகரிக்க வேண்டுவதில்லை. அதற்கு நிபந்தனை விதிக்க வேண்டியுள்ளது. பாடசாலையின் கதவு எந்நாளில் திறக்கப்படுகின்றது, திறப்பு யார் கையில் இருக்கின்றது என்பவற்றை ஆராயாது, மாணவர் வரவு குறைந்ததென அவர்களைக் குறைகூறுதல் ஆய்வாளருக்கு அழகன்று. பெல் நகரின் தொழிலாளர் வீடு வீடாகச் சென்று தேடிக்கொண்டது அத்திறப்பையேயாகும். வாக்களிப்பு வீதத்தைக் கணிக்கும் ஆய்வுகளினும், தேர்தல் நாளும் எல்லையும் எங்கு, யாரால், யார் நலன் கருதித் தீர்மானிக்கப்படுகின்றன என வினவும் ஆய்வுகளே உள்ளூராட்சி பற்றிய நமது கல்விக்கு இன்று பெரிதும் வேண்டப்படுகின்றன.